மூன்றாண்டு மானியம், ஐந்தாண்டு ஆய்வு: இயற்பியல் முனைவர் பட்டத்தின் உள்கணக்கு

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பிள்ளை இயற்பியலில் முனைவர் பட்டம் செய்யப்போகிறேன் என்று சொன்னால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்?" என்பதுதான். மருத்துவம், சட்டம், பொறியியல் என்ற மூன்று வாசல்களையே பார்த்துப் பழகிய நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழாவிட்டால்தான் வியப்பு. அதற்குப் பதில் இருக்கிறது, பிறகு வருகிறேன். அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: இந்த ஆய்வுக்கான பணம் யாருடையது, எத்தனை ஆண்டுக்கு வரும்?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முனைவர் பட்டம் என்பது இன்னொரு படிப்பு. இளங்கலைக்கு மேல் முதுகலை, முதுகலைக்கு மேல் இது. ஆனால் மலேசியாவில் ஆய்வு வழியிலான முனைவர் பட்டத்துக்குப் பாடங்கள் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் இது எட்டாவது படிநிலை; அதற்கு மேல் படி கிடையாது. பாடங்களோடு சேர்த்துச் செய்யும் முனைவர் பட்டங்களுக்குக் குறைந்தது 80 கிரெடிட் வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆய்வு மட்டுமே செய்பவருக்குக் கிரெடிட் கணக்கே இல்லை. ஆய்வு முறையியல் வகுப்பு ஒன்றிரண்டு இருக்கும். மற்றபடி ஒரு மேற்பார்வையாளர், ஓர் ஆய்வுக்கூடம், ஒரு கேள்வி.

அமெரிக்காவில் முதல் ஓரிரு ஆண்டுகள் குவாண்டம் இயக்கவியலையும் மின்காந்தவியலையும் மறுபடி நடத்தி, தகுதித் தேர்வு வைத்து வடிகட்டிய பிறகே மாணவரை முழுநேர ஆய்வுக்குள் விடுகிறார்கள். இங்கே பிரிட்டிஷ் மரபு. முதல் வாரமே ஆய்வுக்கூடத்தில் கால் வைக்கிறீர்கள். இளங்கலையில் விட்டுப்போன பாடம் எதுவானாலும் இரவில் உட்கார்ந்து நீங்களே படித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே இது படிப்பைவிட வேலைக்கு நெருக்கமானது. வேலை என்றால் முதலாளி, சம்பளம், ஒப்பந்தக் காலம் மூன்றும் உண்டு. அந்த மூன்றையும் விசாரிக்காமல் வேலைக்குச் சேருபவர் உண்டா?

மானியத்தின் கடிகாரம்

மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் அடிப்படை அறிவியலுக்கான பணத்தில் முக்கியமான பங்கு உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத் திட்டத்திலிருந்து வருகிறது. வளாகங்களில் எல்லாரும் அதை எஃப்ஆர்ஜிஎஸ் என்றே சொல்வார்கள். விண்ணப்பிப்பவர் விரிவுரையாளர். என்ன கேள்வி, எந்த முறை, எந்தக் கட்டம் எப்போது முடியும் என்று எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் எதிர்பார்க்கும் பயன்களையும் அவர் குறிப்பிட வேண்டும்: இத்தனை ஆய்வுக்கட்டுரைகள், இத்தனை முதுகலை அல்லது முனைவர் பட்ட மாணவர்கள். அந்தப் பட்டியலில் மாணவரும் ஒரு விளைபொருள்.

மானியம் கிடைத்த பிறகுதான் ஆள் தேடும் அறிவிப்பு வரும். அதாவது, நீங்கள் பதிவு செய்வதற்கு வெகு முன்பே உங்கள் ஆய்வின் கேள்வியை இன்னொருவர் எழுதி, மதிப்பீட்டாளர்கள் படித்து, அமைச்சும் ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. அண்டவியலில் ஆர்வம் என்று வந்து நிற்கும் பிள்ளையிடம், "இப்போது என் கையில் இருக்கும் மானியம் துத்தநாக ஆக்ஸைடு மெல்லிய படலங்களுக்கானது" என்று பேராசிரியர் சொல்வது இதனால்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு தலைப்பில் ஆள் எடுத்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

இந்த மானியத்தின் காலம் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மானியம் தொடங்கும் நாளிலேயே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். ஆள் தேடுதல், நேர்காணல், பதிவு என்று சில மாதங்கள் போகும். கருவி வாங்க விலைப்புள்ளிகள், கொள்முதல் குழு, கப்பல், சுங்கம் என்று இன்னும் சில மாதங்கள். மாணவர் உருப்படியான முதல் அளவீட்டை எடுக்கும்போது மானியத்தின் பெரும்பகுதி கரைந்திருக்கும். சோதனை இயற்பியலில் முனைவர் பட்டம் நான்கு, ஐந்து ஆண்டுகள் இழுப்பது சாதாரணம். மானியக் கணக்கு மூடப்படும் நாளில் ஆய்வு பாதியில் திறந்து கிடக்கும். இடையில் விட்டுவிட்டுப் போனவர்களில் நான் அறிந்தவரை சமன்பாடு புரியாமல் விட்டவர்கள் குறைவு. நான்காம் ஆண்டு வீட்டு வாடகைதான் அவர்களை வெளியே தள்ளியது.

அந்த மானியத்திலிருந்து மாணவருக்கு ஆய்வு உதவியாளர் என்ற பெயரில் மாதப்படி கொடுக்கப்படுகிறது. பெரும்பாலும் அது இரண்டாயிரம் ரிங்கிட்டை ஒட்டியே நிற்கும். நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட் என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஊழியர் என்று கணக்கில் வராதவருக்குக் கிடைக்கும் படித்தொகைக்குப் பொதுவாக இபிஎஃப் என்ற சேமநிதிப் பிடித்தம் கிடையாது, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்பீடும் கிடையாது. இருபத்து நான்கு வயதில் தொழிற்சாலைக்குப் போன நண்பன் இருபத்தொன்பதில் வீட்டுக்கு முன்பணம் கட்டும்போது, இவர் சேமநிதிக் கணக்கையே புதிதாகத் தொடங்குவார். கெரிஞ்சியிலோ பந்தாய் டாலாமிலோ ஓர் அறை, யுனிவர்சிட்டி எல்ஆர்டி நிலையத்திலிருந்து வளாகப் பேருந்து, மாலையில் படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு இயற்பியலும் கூடுதல் கணிதமும் டியூஷன். கோலாலம்பூரில் நம் ஆய்வு மாணவர்கள் பலரின் வரவு செலவு இப்படித்தான் ஓடுகிறது. டியூஷன் வருமானம் படித்தொகையை எட்டிப் பிடித்துவிடும் மாதங்களும் உண்டு. அது ஆபத்தான மாதம்.

அரசு ஒரு காலத்தில் இதைப் பெரிய அளவில் தீர்க்க முயன்றது. மைபிரெய்ன்15 திட்டம் 2023க்குள் 60,000 முனைவர் பட்டதாரிகள் என்ற இலக்கோடு கட்டணத்தையும் உதவித்தொகையையும் ஏற்றது. தூய அறிவியலுக்கென்று தனிப் பிரிவும் அதில் இருந்தது. பணம் இறுகியபோது புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டது. இலக்கு எட்டப்பட்டதா என்பதைவிட, அந்த அலையில் ஏறியவர்களுக்கும் இறங்கிய பிறகு வந்தவர்களுக்கும் இருந்த வேறுபாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த இருவரில் ஒருவர் மேற்பார்வையாளரின் மானியத்தைச் சாராமல் நிற்க முடிந்தது. மற்றவர் தலைப்பையும் படித்தொகையையும் ஒரே கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

சிங்கப்பூரோடு ஒப்பிடாமல் இந்தப் பேச்சு முடியாது. அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வு உதவித்தொகையை ரிங்கிட்டில் மாற்றினால் இங்கே கிடைப்பதைப் போலப் பல மடங்கு வரும். வாடகையும் அப்படியே ஏறும் என்பது உண்மை. ஆனால் அங்கே உதவித்தொகை பெரும்பாலும் மாணவரின் பெயரில் நான்கு ஆண்டுக்குக் கொடுக்கப்படுகிறது. ஒரு விரிவுரையாளரின் மானியக் கெடுவோடு கட்டப்படவில்லை. தொகையைவிட அந்த ஏற்பாடுதான் நம் கெட்டிக்காரப் பிள்ளைகளை ஜொகூர் பாலம் கடக்கவைக்கிறது என்பது என் எண்ணம்.

ஒளி சுற்றும் வளையம்

பணத்துக்கு அடுத்த கணக்கு ஆய்வுக்கட்டுரை. மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நான்குக்கு 2006இல் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி கொடுக்கப்பட்டது. 2010இல் ஐந்தாவது ஒன்று சேர்ந்தது. தகுதியோடு அளவுகோலும் வந்தது. விரிவுரையாளரின் ஆண்டு மதிப்பீடு, பதவி உயர்வு, பல்கலைக்கழகத்தின் உலகத் தரவரிசை ஆகிய எல்லாவற்றிலும் கட்டுரை எண்ணிக்கையும் மேற்கோள் எண்ணிக்கையும் புகுந்தன. க்யூஎஸ் 2025 பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம் 60ஆவது இடம். அந்த ஏற்றத்தில் முனைவர் பட்ட மாணவர்களின் உழைப்பு கணிசமாக இருக்கிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் தரப்பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல அறிவியல் துறைகளில் இருக்கிறது. ஆய்விதழ்களைத் தரப்படி நான்காகப் பிரித்ததில் மேல் இரண்டு பிரிவுகளான கியூ1, கியூ2 பற்றிய பேச்சு ஆய்வுக்கூடங்களில் வானிலைப் பேச்சைவிடச் சாதாரணம்.

இந்த நிபந்தனை ஆய்வின் கேள்வியையே எப்படி வளைக்கிறது என்பதை ஒரு துறையை அருகிலிருந்து பார்த்தால் விளங்கும். மலேசியாவில் செழித்து வளர்ந்த ஒளியிழை லேசரை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஒளியணுவியல் ஆய்வு மையம் இதில் பெயர் பெற்றது.

தொலைபேசிக் கம்பிவடத்தில் இருப்பதைப் போன்ற கண்ணாடி இழை. விட்டம் 125 மைக்ரோமீட்டர். ஒளி போகும் நடுப்பகுதி அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் ஒரு துண்டில் எர்பியம் என்ற தனிமத்தைக் கலந்திருப்பார்கள். 980 நானோமீட்டர் ஒளியை உள்ளே செலுத்தினால் எர்பியம் அதை விழுங்கி, 1550 நானோமீட்டர் அருகே ஒளியை உமிழும். இழையின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினால் அந்த ஒளி சுற்றிச் சுற்றி வலுத்து லேசராகும். இதுவரை அது தொடர்ந்து எரியும் விளக்குதான். அதைத் துண்டு துண்டான துடிப்புகளாக மாற்ற, வளையத்தின் ஓரிடத்தில் ஒரு விசித்திரமான பொருளை வைக்கிறார்கள். வலுக்குறைந்த ஒளி வந்தால் அது உறிஞ்சிவிடும். வலுவான ஒளி வந்தால் வழிவிடும். தற்செயலாகச் சற்று உயர்ந்த ஓர் அலைமுகடு ஒவ்வொரு சுற்றிலும் தண்டனையின்றித் தப்பிக்க, மற்றவை தேய்ந்துபோக, கடைசியில் ஒரே ஒரு கூர்மையான துடிப்பு வளையத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வளையம் 20 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு விநாடி. விநாடிக்கு ஒரு கோடி துடிப்புகள்.

கேட்க அழகாக இருக்கிறது. மேசையில் நடப்பது வேறு. இழையின் மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, வெட்டுக் கருவியில் நேராக வெட்டி, உருக்கி ஒட்டும் இயந்திரத்தில் வைத்தால், திரையில் இரண்டு முனைகளும் பெரிதாகத் தெரியும். மின்பொறி ஒரு கணம் பாயும். ஒட்டில் இழப்பு எத்தனை டெசிபெல் என்று எண் வரும். எண் கூடுதலாக இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி உரிப்பிலிருந்து. வளையம் முடிந்த பிறகு ஒளி அதிரும் திசையை, அதாவது முனைவாக்கத்தை, திருத்தும் மூன்று சிறு தகடுகளை ஒன்றொன்றாகத் திருப்பிக்கொண்டே அலைக்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குத் துடிப்பு வரிசை திரையில் வந்து நிற்கும். காலையில் வந்தால் இருக்காது. இரவில் கட்டடத்தின் குளிர்சாதனம் நின்று அறையின் வெப்பம் ஏறியிருக்கும். அல்லது யாரோ நாற்காலியை நகர்த்தும்போது இழை ஓர் அங்குலம் அசைந்திருக்கும். துடிப்பின் நீளத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டும், ஏனென்றால் விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கான பிக்கோ விநாடியை எந்தச் சாதாரண அலைக்காட்டியாலும் பிரித்துக் காட்ட முடியாது. அந்தக் கருவிக்கு வரிசை. உங்கள் முறை வரும் வியாழக்கிழமையில் லேசர் துடிக்க வேண்டும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை துடிக்கும்.

இப்போது கட்டுரைக் கணக்குக்கு வருவோம். வழிவிடும் அந்தப் பொருளாகக் கிராஃபீன் வேலை செய்யும் என்று 2009 வாக்கில் காட்டப்பட்டது. பிறகு உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதே வளையத்தில் வேறு வேறு பொருள்களை வைத்துப் பார்க்கத் தொடங்கின: மாலிப்டினம் டைசல்ஃபைடு, கருப்புப் பாஸ்பரஸ், இடவியல் மின்காப்பான்கள், இன்னும் எத்தனையோ. ஒவ்வொன்றும் புதிது; ஒவ்வொன்றும் வெளியிடத்தக்கது. ஒளியியல் அமைப்பு மாறாது, மேசை மாறாது, பொருள் மட்டும் மாறும். தேதி குறித்துக் கட்டுரை கொடுக்க வேண்டிய மாணவருக்கு இதைவிடப் பாதுகாப்பான பாதை கிடையாது. அதனால்தான் அதில் கூட்டம். அந்தப் பொருள் ஏன் அப்படி நடந்துகொள்கிறது, எத்தனை மணி நேரம் வெப்பத்தைத் தாங்கும், முந்தைய பொருளைவிட எதில் மேல் என்ற கேள்விகளுக்குப் பல கட்டுரைகளில் இரண்டு பத்திகளுக்கு மேல் இடமில்லை. மாணவரின் சோம்பலை இதற்குக் காரணமாகச் சொல்ல மாட்டேன். மூன்றாண்டு மானியமும் கட்டுரை நிபந்தனையும் சேர்ந்து போட்ட தடத்தில்தான் அவர் ஓடுகிறார்.

ஒரே ஒரு மின்தேக்கி

பணம் குறைவாக இருந்தால் நல்ல கேள்வியே கேட்க முடியாது என்று யாராவது சொன்னால், அதே மலாயாப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் 1980களில் நடந்ததைச் சொல்வேன். பேராசிரியர் சிங் லீ தலைமையில் 1985, 1986இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு ஒரு பயிற்சித் திட்டம் நடந்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த இளம் இயற்பியலாளர்கள் கோலாலம்பூரில் தங்கி, பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) குவிப்பான் என்ற கருவியைத் தங்கள் கையாலேயே கட்டினார்கள். இத்தாலியின் டிரியஸ்டியில் அப்துஸ் சலாம் நிறுவிய அனைத்துலகக் கோட்பாட்டு இயற்பியல் மையமும் கைகொடுத்தது.

அந்தக் கருவியின் இதயம் ஒரே ஒரு மின்தேக்கி: 30 மைக்ரோஃபாரட், 15,000 வோல்ட். அதில் சேரும் ஆற்றல் சுமார் 3.3 கிலோஜூல், அதாவது 50 கிலோ அரிசி மூட்டையை இரண்டாம் மாடிக்குத் தூக்கிச் செல்லும் ஆற்றல்தான். ஆனால் அது சில மைக்ரோ விநாடிகளில் அவிழ்கிறது. அந்தக் கணத்தில் மின்னோட்டம் ஏறத்தாழ 170,000 ஆம்பியர். அதன் காந்தப்புலம் வாயுவை மையத்தில் நசுக்கிக் கோடிக் கெல்வின் அளவுக்குச் சூடாக்கும். அது கன ஹைட்ரஜனான டியூட்டீரியம் வாயுவாக இருந்தால் அணுக்கருப் பிணைவு நடந்து நியூட்ரான்கள்கூட வெளிவரும். மேசை அளவுக் கருவியில் இது நடக்கிறது. அந்த வடிவமைப்பு இந்தியா, பாகிஸ்தான், எகிப்து, நைஜீரியா என்று பல நாடுகளுக்குப் போனது. அங்கெல்லாம் அதை வைத்து முனைவர் பட்டங்கள் எழுந்தன. விலைகுறைந்த கருவி வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, அதில் என்ன கேள்வி கேட்கலாம் என்று யோசித்ததன் பலன் அது. தரவரிசைப் படிவத்தில் இந்த மாதிரிப் பயனுக்குக் கட்டம் எதுவும் இருந்திருக்காது.

நம்மவர்களுக்கு அந்த வளாகம் என்றால் இந்திய ஆய்வியல் துறைதான் நினைவுக்கு வரும்; 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்த பல்கலைக்கழகம் அல்லவா. அதே வளாகத்து இயற்பியல் துறைக்கும் உலகம் வந்து போயிருக்கிறது என்பதைத் தமிழ் நாளிதழ்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

வேறு வழிகளும் இருக்கின்றன; அவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். துகள் இயற்பியலில் ஆர்வமுள்ளவர்கள் கோலாலம்பூரில் இருந்தபடியே ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் துகள்களை மோதவிட்டு ஆராயும் சிஎம்எஸ் சோதனையின் தரவை அலசலாம். கட்டுரைகளில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கும், அதற்கும் முதலில் சோதனைக்கான பொதுப் பணி செய்து தகுதி பெற வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. கணினியில் பொருள்களின் பண்புகளைக் கணக்கிடுபவர்களுக்குக் கருவி வரிசை இல்லை; சேவையகத்தில் வரிசை உண்டு. பாங்கி என்ற ஊரில் 1982 முதல் இயங்கும் ஒரு மெகாவாட் ஆய்வு அணுஉலையை நம்பிச் செய்யப்படும் ஆய்வுகளும் உண்டு. மருத்துவ இயற்பியல் தனிக் கதை. புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்வதுதான் ஆசை என்றால் அந்தத் துறையில் முதுகலையே போதும். பெற்றோர் சொன்னார்கள் என்று அதற்கு முனைவர் பட்டம் வரை போக வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு அறிவியலைத் தமிழில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதி, அதற்கு மலாய்ச் சுருக்கமும் சேர்த்துக் கொடுப்பவர் நம் மாணவர். இதைக் குறையாகப் பேசுபவர்கள் அதிகம். ஆய்வுக்கூடத்தில் நான் கண்டது வேறு. உராய்வையும் உந்தத்தையும் தாய்மொழியில் புரிந்துகொண்டு வந்த பிள்ளைக்குக் கருத்துத் தடுமாற்றம் குறைவாகவே இருக்கிறது. திணறல் எல்லாம் கட்டுரையின் முன்னுரையை எழுதும் இடத்தில்தான். அது ஆங்கிலமே பேசி வளர்ந்தவருக்கும் திணறல்தான்.

பினாங்குக் கரையில்

இப்போது அம்மா அப்பாவின் கேள்வி. என்ன வேலை?

விரிவுரையாளர் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். பல்கலைக்கழகங்கள் தங்கள் வருங்கால விரிவுரையாளர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து, எஸ்எல்ஏபி, எஸ்எல்ஏஐ போன்ற பயிற்சித் திட்டங்களின் கீழ் முனைவர் பட்டத்துக்கு அனுப்பி வைப்பதும் உண்டு. முதலாவது, மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடிகளுமான பூமிபுத்ராக்களுக்கானது, இரண்டாவது எல்லாருக்கும் பொது. அந்தத் திட்டத்தில் போனவருக்குத் திரும்பி வந்ததும் நாற்காலி காத்திருக்கும். தானாகப் பட்டம் முடித்தவர் வெளியே நின்று விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் "முனைவர் ஆனால் பல்கலைக்கழகத்தில் வேலை நிச்சயம்" என்று பிள்ளையை அனுப்பிவைக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது.

பினாங்கில் கணக்கு வேறு. 1969இல் தொடங்கி, பழைய பிரிட்டிஷ் படைமுகாமான மிண்டனுக்குக் குடிபெயர்ந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு பக்கம். சில கிலோமீட்டர் தெற்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை மறுபக்கம். 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கே அமைத்தது. உலகில் சில்லுகளைப் பொதித்துச் சோதிக்கும் வேலையில் இன்று மலேசியாவின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடு; அதன் பெருமையில் பெரும்பங்கு பினாங்குக்கு. எதிர்க்கரையில் கூலிமில் ஆஸ்ராம் 2017இல் எல்இடி சில்லு ஆலையைத் திறந்தது. 2024 ஆகஸ்ட்டில் இன்ஃபினியனின் சிலிக்கான் கார்பைடு ஆலை திறக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில், எல்இடி சில்லுகளுக்கு அடிப்படையான காலியம் நைட்ரைடு படலங்களை வளர்க்கும் ஆய்வுக் குழுக்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. சுங்கை டுவாவில் அறை எடுத்துத் தங்கி, வெற்றிடக் கலனில் கசிவு தேடி இரவுகளைக் கழித்த மாணவருக்கு, அந்த ஆலைகளில் பேச வேண்டிய மொழி ஏற்கெனவே தெரியும். படலத்தில் எங்கே குறை, ஏன் பழுதில்லாத சில்லுகளின் விகிதம் குறைகிறது, எந்த அளவீட்டை நம்பலாம் என்பதற்குத்தான் அங்கே சம்பளம்.

வாய்மொழித் தேர்விலும் கேட்கப்படுவது இதுதான். வெளித் தேர்வாளர் பெரும்பாலும் கடினமான கோட்பாட்டைக் கேட்பதில்லை. மூன்றாம் அத்தியாயத்தின் வரைபடம் ஒன்றைக் காட்டி, "இந்தப் புள்ளிக்குப் பிழை எல்லை எப்படிப் போட்டீர்கள்?" என்பார். ஐந்து கட்டுரை வெளியிட்டவரும் அங்கே தடுமாறுவதுண்டு. சிறு திருத்தம், பெரிய திருத்தம் என்று முடிவு எழுதப்படும். பெரிய திருத்தம் என்றால் மறுபடி அளவீடு. மானியம் மூடிய ஆய்வுக்கூடத்தில் அளவீடு எடுக்க யாரிடம் போய் நிற்பது என்பது அடுத்த சிக்கல்.

தொழிற்சாலைக்கு முதலில் போய்விட்டு, பட்டத்தைப் பிறகு முடித்தவர்களும் உண்டு. நீல எல்இடிக்காக 2014இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ஷூஜி நகமுரா, நிச்சியா நிறுவனத்தில் வேலை பார்த்தபடி 1993இல் பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கினார்; டோக்குஷிமா பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது 1994இல். பினாங்கில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதியும் பொறியாளர்களுக்கு இந்த வரிசை பொருந்தும் என்று நினைக்கிறேன். மாதச் சம்பளமும் இபிஎஃபும் நிற்காது. கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் எந்தத் துறை என்ற தடையும் இல்லை. இபிஎஃபின் உட்கணக்குகளில் ஒன்றான செஜாத்ராவிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கவும் வழி இருக்கிறது. மேற்பார்வையாளரின் மானியம் எப்போது முடிகிறது என்ற கவலை இவருக்கு இல்லை.

இவருக்குள்ள சிக்கல் வேறு. ஆய்வுக்கான மாதிரிகளும் தரவும் ஆலையுடையவை. ஆய்வேட்டில் அவற்றைப் பயன்படுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஆய்வேட்டைச் சில ஆண்டுகள் வெளியில் விடாமல் வைத்திருக்க ஏற்பாடு செய்யலாம். ஆய்விதழ்க் கட்டுரையை அப்படிப் பூட்டிவைக்க முடியாது. கட்டுரை இல்லாமல் சமர்ப்பிக்க முடியாத துறையாக இருந்தால், சட்டப் பிரிவின் கையெழுத்துக்காகவே ஓராண்டு நின்றுவிடும். அதனால் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தக் கடிதத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தரவு, எந்த ஆண்டு முதல், எந்த வடிவில் வெளியிடலாம் என்பது அதில் வரிவரியாக இருக்க வேண்டும். மேலாளர் மாறினாலும் செல்லும்படி, அவருடைய பெயரில் அல்லாமல் நிறுவனத்தின் பெயரில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.